கூடத்துத் தரையில் ஒரு விரிசல்

அன்று காலை எட்டு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: என் அப்பா யூசெபியோ, டைல்ஸ் ஒட்டுகிறவர், ஒன்றரை வருடமாக வேலை இல்லாதவர். அம்மா ஒட்டிலியா. கையில் கோப்போடு வீட்டுத் தரகர் மார்லா. ஓட்டல் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலையை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நின்ற நான்.

பாங்க்கின் மதிப்பீட்டாளர் ஒன்பது மணிக்கு வருவார். அதற்குள் அப்பா தரையை உடைக்க வேண்டும். மாட்டேன் என்றார்.

லாஸ் வேகாஸில் அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடுகள் காலி. எங்கள் வீட்டின் விலை, அதன்மேல் இருந்த கடனில் பாதிக்கும் கீழே போயிருந்தது. வாங்க வந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். அவர் தருவதை வாங்கிக்கொண்டு மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்ய பாங்க் சம்மதித்தால் நாங்கள் பிழைப்போம். சம்மதிக்காவிட்டால் ஒன்பதாவது நாள் ஏலம். வீடும் போகும், மிச்சக் கடனும் கழுத்தில் நிற்கும். வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த இடத்தின் சொந்தக்காரர், ஏலத்தில் வீட்டை இழந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்.

சிக்கல் அப்பாவின் கைவேலைதான். வீட்டுக்கடியில் மண் இறங்கி, கூடத்தின் கான்கிரீட் தளம் ஆறு வருடம் முன்பு வெடித்தது. அப்பா அதை நிரப்பி, விரிசல் மேலே ஏறாதபடி ரப்பர் விரிப்பு போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டினார். நடுவில், சூதாட்ட விடுதிகளின் குளியலறைகளில் மிஞ்சிய கற்களை அறுத்து ஒரு நட்சத்திரம் பதித்தார். அம்மா அதன்மேல் யாரையும் காலணியோடு நடக்க விட்டதில்லை. வாங்க வந்த பெண்ணிடம் அப்பாவே விரிசலைப் பற்றிச் சொன்னார். அதனால்தான் அவர் அவ்வளவு குறைத்துக் கேட்டார். ஆனால் போன மாதம் வந்த மதிப்பீட்டாளர் தரையைப் பார்த்து அசந்துபோய் விலையை ஏற்றி எழுதிவிட்டார். அந்தப் பெண் தருவது குறைவு என்று பாங்க் மறுத்தது. மார்லா எப்படியோ மன்றாடி இரண்டாவது ஆளை வரவழைத்திருந்தார்.

வருகிறவரிடம் வாயால் சொல்கிறேன், நாற்பது வருடத் தொழில்காரன் சொன்னால் நம்பமாட்டாரா என்று அப்பா கேட்டார். பாங்க்குக்கு வாய்ப்பேச்சு வேண்டாம், புகைப்படம் வேண்டும் என்றார் மார்லா. சுவர் அலமாரிக்குள் ஒரு மூலையில் உடைத்துத் தருகிறேன் என்று அப்பா இறங்கி வந்தார். அங்கே விரிசல் மயிரிழைதான், பிரயோசனமில்லை. அகலமாக இருப்பது நட்சத்திரத்துக்கு நேர் கீழே.

எட்டே கால் ஆனது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்குத் தூக்கத்தில் கண் சொருகியது. உடைத்துத் தொலையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா பேசினாள்.

"மோசமா ஒட்டுறவன் திட்டு வாங்குவான்," என்றாள் அம்மா. "நீ ஒருத்தன்தான் ஒழுங்கா ஒட்டி மாட்டிக்கிட்டவன்."

அவள் கதவோரம் கிடந்த கருவிப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். நேராக வந்து நட்சத்திரத்தின் ஒரு முனையில் ஓங்கி அடித்தாள். சில்லு பறந்து மார்லாவின் காலணியில் பட்டது. இரண்டாவது அடி பக்கத்து டைலில் விழுந்தது.

"நிறுத்துடி. இப்படி அடிச்சா கூடமே போயிடும். கொண்டா இங்க."

அப்பா முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டார். பல மாதங்களாக ஆணியில் தொங்கியவை. டைல்களுக்கு இடையில் இருந்த பூச்சைச் சுற்றிலும் அறுத்து, உளியைச் சாய்த்து வைத்து, நட்சத்திரத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்தார். அம்மா துண்டுகளை வாளியில் போட்டுக்கொண்டே இருந்தாள். விரிப்பை உரித்ததும் விரிசல் தெரிந்தது. அப்பா நிரப்பியிருந்தது நடுவில் பிளந்து, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் டைல் இடுக்குகளில் வெடித்திருக்கும் பூச்சைச் சுரண்டிப் புதிது வைப்பார். பண்டிகைக்கு அழகு செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், குழியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அப்பாவின் தூசி படிந்த கையைப் பார்த்தார்.

"இது இப்பத்தான் உடைச்சது போல இருக்கே."

மார்லா ஏதோ சொல்லப் போனார். அப்பா முந்திக்கொண்டார். "ஆமா. நீங்க வர்றீங்கன்னுதான் உடைச்சேன். ஆனா விரிசல் பழசு."

"பழசுன்னு நான் எப்படி எழுதுறது? விலையைக் குறைக்க எவ்வளவோ பண்றாங்க சார்."

அப்பா ஈரத் துணியால் விரிசலின் ஓரத்தைத் துடைத்தார். கான்கிரீட்டின்மேல் தச்சுப் பென்சிலில் அவர் கையெழுத்து வந்தது. மார்ச் 2004, அகலம் எட்டில் ஒரு அங்குலம், நிரப்பியது யூசெபியோ பர்ராகான். மூடுவதற்கு முன் தளத்தில் பெயரும் தேதியும் எழுதுவது அவர் செட்டு ஆட்களின் பழக்கம். விடுதிகளின் தரைக்கடியிலெல்லாம் அவர் பெயர் கிடக்கிறது.

மதிப்பீட்டாளர் குனிந்து பக்கத்தில் அளவுகோலை வைத்தார். இப்போது அரை அங்குலம். ஏழெட்டுப் படம் எடுத்தார். எழுந்தவர் சுற்றியிருந்த டைல்ஸ்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"நல்ல வேலை சார்," என்றார்.

"நிலைச்சு நிக்கல," என்றார் அப்பா.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு பாங்க்கின் சம்மதக் கடிதம் வந்தது. அடுத்த மாதக் கடைசியில் சாமான்களை ஏற்றினோம். குழியை மூடித் தரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, இருக்கிறபடியே விடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாக மார்லா சொன்னார். அப்பா அதன்மேல் ஒரு பலகையை வைத்துவிட்டு, கடைசி ஆளாக வெளியே வந்தார்.

மார்லா வாசல் கதவை இழுத்தார். தளம் இறங்கிய நாளிலிருந்து அது நிலையில் இடிக்கும். இரண்டு முறை இழுத்தும் சாத்தவில்லை.

"மேல தூக்கி இழுக்கணும்," என்றார் அப்பா.

மார்லாவுக்கு அது வரவில்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, தோளைக் கொடுத்து இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது. மார்லா சாவியைத் திருப்பிப் பூட்டினார்.