வரப்புக்கு அடியில் கிடந்த கல்

சிவஞானம் என் மகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரு டஜன் ஆப்பிள் வாங்கி வந்தார். கட்டிலோரம் நின்று, கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருந்த அவள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு, "ரோட்டுல பாத்துப் போவக் கூடாதா பாப்பா?" என்று கேட்டார்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆளை விடக் கூடாது என்று. ஆப்பிள் பன்னிரண்டையும் வார்டு குப்பைத் தொட்டியில் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பதறிப்போய், "நல்ல பழத்த ஏம்மா போடற?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

சிவஞானம் எங்கள் முதலாளி. மரக்காணத்தில் எங்கள் காலனிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் கிடக்கும் உப்பளம் முழுக்க அவருடையது. உப்பளத்தின் ஓரமாக வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலை ஒட்டிப் பத்தடி அகலத்தில் ஒரு மண்பாதை இருந்தது. அது யாருடைய சொத்தும் இல்லை, சர்க்கார் பாதை. அதில் நடந்தால் பத்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்ட். சைக்கிள் என்றால் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராகப் பேசிக்கொண்டே போவார்கள். ஏழு வருஷத்தில் அந்தப் பாதை காணாமல் போனது. கடைசியாக ஆடு போகிற அளவுக்கு மிஞ்சியிருந்த இடத்தையும் முள் வெட்டிப் போட்டு அடைத்தார் சிவஞானம். அதன் பிறகு காலனி மொத்தமும் ஈ.சி.ஆர். ரோட்டைச் சுற்றித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அந்த ரோட்டில் ஓரம் என்று ஒன்று கிடையாது. கார்கள் பாண்டிச்சேரிக்குப் பறக்கும் பறப்பில் நம் சேலைத் தலைப்பு அதுவாக எழும்பும்.

போன ஆடி மாசம், காலை ஆறே முக்காலுக்கு, பாண்டி பஸ்ஸைப் பிடிக்க அந்த ரோட்டில் சைக்கிளில் போன என் மகள் தமிழ்நிலாவை மீன் ஏற்றிவந்த வேன் ஒன்று தட்டிவிட்டுப் போனது. நர்சிங் ரெண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஆறு மாசம் கழித்து டாக்டர், "சைக்கிள் ஓட்டலாம், முட்டிக்கு நல்லது" என்றார். என் மகள், "அந்த ரோட்டுல மட்டும் போவ மாட்டேன்" என்றாள். பிடிவாதம் இல்லை, பயம். ஒருமுறை ரோடு வரைக்கும் கூட்டிப் போனேன். லாரி ஹாரன் கேட்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜூன் மாசத்துக்குள் வந்து சேராவிட்டால் இடம் இல்லை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். தினமும் ஆட்டோ வைத்து அனுப்புகிற குடும்பமா நாங்கள்? அவள் அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. உப்புப் பாத்தியின் தரையை நாங்கள் காலால் மிதித்து இறுக்குவோம். மிதி சரியாக விழுந்தால்தான் உப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் வாரும்போது சேறும் கூட வரும். சிவஞானத்தின் நல்ல பாத்திகளை நான் வேண்டுமென்றே அரைகுறையாக மிதித்தேன். அந்த சீசன் அவர் உப்பு பழுப்பு நிறத்தில் வந்தது. "இன்னாடி இது, டீத்தூள் மாதிரி இருக்குது?" என்று கங்காணி குதித்தான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் அது எனக்குப் போதவில்லை.

தை மாசம் ஜான்சி மேடம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, இன்ஜினியர். பஸ் ஸ்டாண்டுக்கு ஜனங்கள் பயமில்லாமல் நடந்தும் சைக்கிளிலும் போக வழி செய்கிற வேலை அவருடையது. மற்ற அதிகாரிகள் மாதிரி ஜீப்பில் உட்கார்ந்து கை காட்டவில்லை. எங்கள் காலனியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை நாலு தடவை நடந்தே போனார். நாலாவது தடவை செருப்பு அறுந்து கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

"ரோட்டோரமா வெள்ளைக் கோடு போட்டுட்டுப் போறது சுலபம். கோடு வேனை நிறுத்தாதே" என்றார். "மேப்ல வாய்க்கால் ஓரமா ஒரு பாதை இருக்குது. நேர்ல காணோம். சர்வேயரோட வெள்ளிக்கிழமை வரேன். ரோட்டுல அடிபட்டவங்க யாராச்சும் இருந்தா அவங்களும் வந்து பேசுங்க."

தமிழ்நிலாவின் முகத்தில் ஆறு மாசத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "ம்மா, நான் வந்து பேசறேம்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பேன்? சரி என்றேன்.

மழைக்காலத்தில் உப்பளம் கடலாகிவிடும். வரப்பெல்லாம் கரைந்துபோகும். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிப் புதிதாக வரப்பு பிடிப்போம். வருஷா வருஷம் வரப்பு புதுசு. போன வருஷம் எங்கே இருந்தது என்று பிடித்தவர்கள் கையும் காலும்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று வரப்பு பிடித்துக்கொண்டிருந்தோம்.

சிவஞானம் இளநீரோடு தயாராக நின்றார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வரப்புக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டி நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார்.

"இதான் சார் எல்லைக் கல்லு. எங்கப்பா காலத்துலேந்து இருக்குது. இதுக்கு அந்தாண்ட வாய்க்கால். பாதைன்னு ஒண்ணு எப்பவும் இருந்ததில்ல."

சர்வேயர் கல்லில் டேப்பை வைத்து அளந்தார். "இந்தக் கல்லுதான் எல்லைன்னா பாதைக்கு எடமே இல்ல மேடம்" என்றார். ஜான்சி மேடம் கையிலிருந்த படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். கரையில் ஊன்றுகோலோடு நின்ற தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றை விட்டு ஏறினேன்.

"மேடம், அந்தக் கல்லு பொய். மூணு வருஷத்துக்கு முன்னாடி டிராக்டர்ல வந்து எறங்குன கல்லு அது. நெசக் கல்லு எங்க கெடக்குதுன்னு நான் காட்டறேன்."

"ஏ சாலம்மா, போயி வேலையப் பாரு" என்றார் சிவஞானம்.

"வேலையத்தான் மொதலாளி பாக்கறேன்."

வாய்க்கால் மதகுக்குப் போனேன். அங்கிருந்து வரப்பு மேலேயே எட்டு வைத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். நாற்பத்திரண்டாவது எட்டில் நின்று, உள்பக்கமாக இறங்கி வெட்டினேன். ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று பட்டது. கையாலேயே சேற்றை வழித்துவிட்டேன். தலையில் அம்புக்குறி வெட்டிய பழைய சர்வே கல். சர்வேயர் குனிந்து தடவிப் பார்த்தார். படத்தை விரித்தார். அங்கிருந்து வாய்க்கால் வரைக்கும் டேப் பிடித்தார். அசல் பத்தடி.

சிவஞானத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது. அங்கேயே முடிந்திருக்கக் கூடாதா? ஆனால் அந்த ஆள் உப்பில் ஊறிய ஆள், லேசில் விழ மாட்டார். நிதானமாகக் குடையை மடக்கினார்.

"சரி, கல்லு உள்ள இருக்குது. யாரு பொதைச்சா? நானா மம்புட்டி புடிச்சேன்? கேளுங்க மேடம். ஏழு வருஷமா அந்த வரப்பைப் புடிச்சவ இவதான். வருசத்துக்கு ஒண்ணரை அடி தள்ளித் தள்ளிப் புடிச்சது இவ கை. கல்லு மேல மண்ணைப் போட்டதும் இவ கை. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தமிழ்நிலாவைப் பார்க்கவில்லை.

பொய் இல்லை. முதல் வருஷம் அவர், "இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் புடி சாலம்மா" என்றார். அந்த வருஷமே கல் குறுக்கே வந்தது. "அது மேலயே போடு. ஒன்ன மாதிரி வரப்பு புடிக்க இந்தக் கடலோரத்துலயே ஆள் கெடையாது" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் மயங்கினேன். பத்துப் பெண்கள் முன்னால் ஒரு முதலாளி அப்படிச் சொன்னதில்லை. பாதை குறுகுவது தெரிந்தது. என் மகள் அதில் பள்ளிக்கூடம் போவதும் தெரியும். நூல் பிடித்த மாதிரி நேராக வரப்பு பிடித்து, நின்று அழகு பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற சங்கீதா என் முழங்கையை இடித்தாள். "மழையில தானா மூடிக்கிச்சுன்னு சொல்லிடுக்கா" என்று கிசுகிசுத்தாள். சொல்லியிருக்கலாம். மழை செய்தது என்றால் நான் தப்பித்தேன். ஆனால் சிவஞானமும் தப்பித்துவிடுவார். மழை மேல் கேஸ் போட முடியாது. அப்பீல் அது இது என்று இழுத்து, பாதையை இன்னும் பத்து வருஷம் முடக்குவார். என் மகளின் ஜூன் மாசம் போய்விடும்.

உண்மை பேச வேண்டும் என்றெல்லாம் நான் பேசவில்லை. அந்த ஆளைச் சாய்க்க வேண்டும் என்ற வெறியில்தான் பேசினேன்.

"ஆமா, நான்தான் பொதைச்சேன். இந்த ஆளு சொல்லித்தான் பொதைச்சேன். இங்கயே நின்னு சொன்னாரு. இதோ நிக்கிறாங்களே, இவங்களும்தான் கேட்டாங்க. கேளுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கீதாதான் முதலில், "ஆமாங்க, சொன்னாரு" என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக ஆமாம் என்றார்கள்.

"இதை எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்று ஜான்சி மேடம் கேட்டார்.

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் மேடம்."

"நான் எழுதறேன்" என்றாள் தமிழ்நிலா.

ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு, காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்தாள். மேடத்திடம் பேப்பரும் அட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லு" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். முதலாளி சொன்னார், செய்தேன் என்றேன். கூலிக்காரி, என்ன செய்ய முடியும் என்றேன். அவள் பேனாவை நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரியில ஒன் மடியில படுத்துக்கினு, பாதைய அடைச்சவங்க நாசமாப் போவணும்னு நான் அழுதேன். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"நீ என் தலையத் தடவிக்கினு ஆமாண்டி, ஆமாண்டின்ன."

அவள் குனிந்து எழுதி முடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கூலிக்காரி என்ற வரி அதில் இல்லை. "அது அரசாங்கக் கல் என்றும், அது பொதுப் பாதை என்றும், என் மகள் அந்தப் பாதையில்தான் போகிறாள் என்றும் தெரிந்தே நான் இதைச் செய்தேன். செய்யச் சொன்னவர் உப்பள முதலாளி சிவஞானம்" என்று இருந்தது. சிவஞானத்தை ஒரு வரியில் முடித்திருந்தாள். எனக்கு மூன்று வரி.

"கையெழுத்துப் போடு" என்றாள்.

சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போட்டேன்.

அந்தப் பேப்பர் வேலை செய்தது. சிவஞானத்தின் ஆப்பிளும் இளநீரும் எங்கேயும் எடுபடவில்லை. மாசியில் வரப்பை உடைக்க உத்தரவு வந்தது. அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார், அதனால் வரப்பு உடைக்கிற வேலைக்கு நானே போனேன். ஏழு வருஷ வரப்பை நாலு நாளில் வெட்டித் தள்ளினேன். சிவஞானம் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். மூன்றாம் நாள் அவர் காலடிக்கு வந்ததும், "ஒதுங்கு மொதலாளி, பாதையில நிக்கிற" என்றேன். ஒதுங்கினார். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பஞ்சாமிர்தம் சாப்பிட்ட மாதிரி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வைகாசியில் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, வாய்க்கால் பக்கம் கம்பி போட்டார்கள். ஜூன் முதல் வாரமே என் மகள் காலேஜுக்குக் கிளம்பினாள். முட்டி முழுசாக மடங்காது. இடது காலால் அழுத்தி, வலது காலைச் சும்மா வைத்து ஓட்டுகிறாள். வீட்டில் சோறு வை, தண்ணி பிடி என்பதைத் தாண்டி என்னிடம் பேச்சில்லை. நான் பேசிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வார்த்தைக்காக ஒரு மனுஷனை மாசக்கணக்கில் கறுவத் தெரிந்தவள் வயிற்றில் பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்?

தினமும் காலை ஆறே முக்காலுக்குப் பாதையின் முனையில் போய் நிற்கிறேன். என்னைத் தாண்டித்தான் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். இதுவரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.