அக்கா தேர்ந்தெடுத்த சைலன்சர்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் அவள் முன்னாலேயே ரகசியம் பேசலாம் என்று நினைத்தவர்கள் எல்லாம் வசமாக மாட்டிக்கொண்டார்கள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் நின்று யாராவது அவளைப் பற்றிப் புறணி பேசினால், இந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி மறுப்புத் தெரிவிப்பாள். அவள் பேசுவது கையால். அந்தக் கைப்பேச்சை வாய்ப்பேச்சாக மாற்றி மற்றவர்களுக்குச் சொல்வது சின்ன வயதிலிருந்து என் வேலை. இங்கே அவள் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் அவள் கை சொன்னதுதான். காரம் கொஞ்சம் குறைந்திருந்தால் அது என் குறை.

அக்கா பிக்கப் ஓட்டுகிறாள். பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, மலைமேல் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய விடுதிக்குச் செங்கலும் சிமெண்டும் ஏற்றிப் போகிறாள். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு அந்த ஏற்றம் என்றால் பழுத்த ஓட்டுநர்களே வயிற்று வலி வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அக்காவின் பழைய வண்டியோ ஓட்டை உடைசல். ஸ்டார்ட் செய்தால் ஆணி முதல் கூரை வரை ஆடும். அந்த ஆட்டம்தான் அவளுக்குக் காது. இன்ஜின் திணறினால் சீட்டில் தெரியும், கியரைக் குறைக்க வேண்டுமென்றால் பாதத்தில் தெரியும். எனக்குக் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வண்டி ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அக்கா புது டீசல் பிக்கப் வாங்கினாள். அப்படி ஒரு அழகு அந்த வண்டி. கதவைச் சாத்தினால் வெளி உலகமே அந்தப் பக்கம் நின்றுவிடும். உள்ளே உட்கார்ந்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும். விற்றவர் அதைத்தான் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வாயைப் பிளந்து தலையாட்டினேன். அந்தச் சொகுசுதான் அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

முதல் நடையிலேயே மாட்டிக்கொண்டாள். சீட்டில் ஒன்றும் தெரியவில்லை, ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய கியரிலேயே வண்டி திணறித் திணறி இழுத்திருக்கிறது. அவளுக்கோ அது சுகமாகப் போவது போலத்தான் இருந்திருக்கிறது. பாதி மலையில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, இழுவை செத்து, வளைவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் வரிசை கட்ட, பாரத்தோடு ட்ரெய்லரைப் பின்னுக்கே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். அப்படி இறக்குவதற்கே ஒரு மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் விடுதி வேலையின் மேற்பார்வையாளர் மாலை போடும் மனநிலையில் இல்லை.

அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். அக்காவுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாராம்: "நீங்க நல்லா ஓட்டுறவங்கதான்மா. ஆனா வளைவுல ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். இனிமே காது கேக்குற ஒருத்தர் பக்கத்துல இருந்தாத்தான் வண்டி மேல வரலாம்."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அக்காவின் கை காற்றை அறைந்தது. "இத்தனை வருஷம் தனியா ஏறின மலைக்கு இப்போ எனக்கு ஆயா வெச்சிருக்காங்க. ஆயா நீதான். கிளம்பு."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். முதலாளியிடம் கெஞ்சிக் காலை வேளைகளில் விடுப்பு வாங்கினேன். தினமும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜின் திணறினால் அவள் தோளைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது. யாருக்கும் தலை வணங்காதவள், தம்பி தட்டினால் கியர் மாற்றுகிறாள். பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை. தன் வண்டியைத் தான் மட்டும் தனியாக ஓட்ட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுகூட இல்லையென்றால் வண்டியை விற்றுவிட்டு வேறு பிழைப்பு பார்ப்பதாகச் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

வண்டிப் பைத்தியமான எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சைலன்சரை மாற்றினால் என்ன? வண்டிக்குச் சத்தம் வந்தால் அதிர்வும் வரும்தானே. அதோடு, பக்கத்தில் உட்காருகிற எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அந்த இரண்டாவது காரணத்தை அக்காவிடம் சொல்லவில்லை. அவள் அதை என் முகத்திலேயே படித்துவிட்டாள்.

சைலன்சர் கடைக்காரர் வெல்டிங் பொறிகள் பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை விழுந்த மனிதர். சுவர் முழுக்கக் குழாய்கள் பளபளவென்று தொங்கின. என்னை மிட்டாய்க் கடைக்குள் விட்டது போல இருந்தது. புது வண்டியைப் பார்த்ததும் அவரும் உற்சாகமாகிவிட்டார். கம்ப்யூட்டரில் ட்யூன் செய்து குதிரைசக்தியைக் கூட்டலாம், காற்றுக் குழாயைப் பெரிதாக்கலாம், புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி பறக்கும் என்று அடுக்கினார். நான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் நிலையில் இருந்தேன். அக்கா ஒவ்வொன்றாக வெட்டினாள். சக்தி இருக்கிற அளவே போதும், பாரம் ஏறுவது பொறுமையால். வடிகட்டியைக் கழற்றுவது சட்டப்படி குற்றம், அதுவும் போக, மேலே வேலை செய்கிறவர்கள் தன் வண்டிப் புகையை ஏன் குடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

இன்ஜின் வேகத்தை முள்ளால் காட்டுகிற மீட்டர் ஒன்றைக் கண்ணெதிரே வைத்துவிடலாமே என்றார் கடைக்காரர். நான் அதைச் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். "என் கண்ணு ஏற்கெனவே காதோட வேலையையும் சேர்த்துப் பாக்குது. வளைவுல ரோட்டை விட்டுட்டு முள்ளையா பாக்கச் சொல்றாரு?"

விஷயம் முழுதும் புரியாமல் கடைக்காரர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, காது கேட்காதவங்களுக்கு சைலன்சர் மாத்துறது செவிடன் காதில் ஊதின சங்கு மாதிரி ஆயிடாதா தம்பி என்றார். குரலைத் தாழ்த்தினாரே தவிர உதட்டை மறைக்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே, "சங்கு என்ன விலைன்னு கேளு" என்றாள். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் கூனிக் குறுகிப் போய் ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார். பிறகு அவள் கேட்டதையெல்லாம் மறுபேச்சில்லாமல் செய்தார்.

முதலில் நான் தேர்ந்தெடுத்த குழாயை மாட்டினோம். பந்தய வண்டிகளுக்குப் போடுகிற வகை. அக்கா செருப்பைக் கழற்றி, வெறும் பாதத்தை வண்டியின் தரையில் வைத்து, ஒரு கையைச் சீட்டுக்கு அடியில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியிலிருந்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். ஐயோ, அந்த முழக்கம். கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். அக்கா கண்ணைத் திறந்து பொறுமையிழந்து கேட்டாள்: "எப்போ ஸ்டார்ட் பண்ணப் போற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காதை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்தச் சத்தம் முழுக்க வண்டிக்கு வெளியே தெருவுக்குப் போனது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு துளி இல்லை. ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு வீட்டுக்காரியைப் பட்டினி போட்ட கதை. அடுத்து வேறொன்றை மாட்டினோம், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததில் பாதத்தில் ஏதோ எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். அக்கா சளைக்கவில்லை. நான்தான் சளைத்துப்போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். மூலையில் கிடந்த ஒரு குழாயைப் பார்த்தார், பிறகு பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா விடுவாளா? அது என்ன என்று கேட்கச் சொன்னாள். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். அவரே வளைத்து, அவரே பற்றவைத்தது. வெளியே அடக்கமாக இருக்கும். ஆனால் இன்ஜின் பாரம் இழுக்கும் வேகத்துக்கு வந்தால் வண்டிக்குள் ஒரு ரீங்காரம் பிடித்துக்கொள்ளும். வாங்கியவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"உள்ள உட்கார்ந்தா மண்டைக்குள்ள வண்டு குடையுற மாதிரி இருக்கும்மா. சீட்டெல்லாம் நடுங்கும். மனுஷன் தாங்க மாட்டான்."

அக்கா அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அதை மாட்டுங்க" என்றாள். இதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விரலை அந்தக் குழாயை நோக்கி நீட்டியிருந்தாள்.

மாட்டியதும் அவளே ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல மிதித்தாள். ஓரிடம் வந்ததும் அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரொம்ப நாள் பேசாமலிருந்த சிநேகிதி திடீரென்று வாசலில் வந்து நின்றால் வருமே, அப்படி ஒரு முகம். கொஞ்சம் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, கடைக்காரரின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினாள். எல்லோரும் திருப்பிக் கொடுத்த குழாய்க்கு இப்படி ஒரு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. குனிந்து போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கினார்.

மறுநாள் பாரத்தோடு மலையேறினோம். நான் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டும் அந்த ரீங்காரம் பல் வேரில் ஏறியது. அக்காவுக்கோ கச்சேரி. வளைவுக்கு முன்பே கியர் குறைந்தது, நேரான இடத்தில் ஏறியது. தட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த என் கைக்கு வேலையே வரவில்லை. பாரம் இழுக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு போவதை அன்றுதான் பார்த்தேன். வண்டியின் மூச்சும் அவள் மூச்சும் ஒன்றாகிவிட்டன என்றால் மிகையில்லை. இவள் என் அக்கா என்று எதிரே வந்த லாரிக்காரனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உச்சிக்குப் போக ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது, ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டாள். எனக்குப் பகீரென்றது. மேலே மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு எதுவும் எரியவில்லை, சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. பஞ்சை எடுத்துவிட்டும் கேட்டேன், அதே வண்டுதான். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அவர் பார்க்கிறார், போய்விடலாம் என்று கெஞ்சினேன்.

"இழுவை ஒழுகுது," என்றாள். "வண்டு மெலிஞ்சுபோச்சு."

இறங்கி முன்மூடியைத் திறந்தாள். காற்றுக் குழாய்களை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் தடித்த ரப்பர் குழாய், அதைக் கவ்வியிருந்த வளையம் தளர்ந்து, குழாய் பாதி நழுவியிருந்தது. அடுத்த வளைவில் கழன்றிருக்கும். மறுபடி நடு ஏற்றத்தில் நின்றிருப்போம். மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்து சேர்வதற்குள் அவள் ஸ்க்ரூ டிரைவரால் அதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் திட்டத் தயாராகத்தான் வந்தார். நழுவிய குழாயைப் பார்த்ததும் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"என்ன சத்தம் கேட்டுச்சு தம்பி?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். அக்காதான் நிறுத்தினாங்க."

அவர் அக்காவைப் பார்த்தார், அவளுடைய வெறும் பாதங்களைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ நீங்க எதுக்குத் தம்பி கூட வர்றீங்க?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பி, இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்லாமல் சாதாரணமாகவே, நாளையிலிருந்து நீங்க தனியாவே வாங்கம்மா என்றார். அக்கா தலையசைத்தாள், அவ்வளவுதான். குதிக்கவில்லை, கண் கலங்கவில்லை. வளையத்தில் பாக்கி இருந்த முறுக்கை முடித்து முன்மூடியைச் சாத்தினாள்.

வண்டியில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் பூரித்திருந்தது. "நாளைக்கு நீ வர வேண்டாம்டா. உன் கடையைப் பாரு."

நான் எத்தனையோ நாளாக வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். நிம்மதியாகத் தூங்கலாம், முதலாளியின் முகச்சுளிப்பு இல்லை, மண்டைக்குள் வண்டு இல்லை. சனியன் விட்டது என்று கேலியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பேச்சுக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஆனால் என் கைகள் இரண்டும் மடியிலேயே கிடந்தன. அக்கா என் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, கியரைப் போட்டாள்.