படத்தை விசாரித்தவர்

என் வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. இடிபட்ட காரைப் பார்த்து, நஷ்ட ஈடு கேட்பவன் சொல்வது நிஜமா புளுகா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற மனுஷரா? பால் பொங்கி வழிந்தால்கூட வீட்டில் விசாரணைதான். அடுப்பைப் பற்றவைத்தது யார், எங்கே நின்றாய், என்ன பராக்குப் பார்த்தாய்? நாம் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

பெரியவள் ஓவியக் கல்லூரியில் சேரவேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். "கிறுக்குறதுக்கு ஒரு காலேஜா?" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொன்னதில்லை. அன்று சாயந்திரம் அவள் தான் வரைந்த படத்தை, வாசலுக்கு நேர் எதிரே, சாப்பாட்டு மேஜைமேல் சாய்த்து வைத்தாள்.

வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "நான் கேள்வி கேக்குறேன். இதுல ஒரு பொய் கண்டுபிடிச்சேன்னா, படம் கிடம்னு இனிமே வாயைத் திறக்கக் கூடாது. இல்லேன்னா போய்ச் சேர்ந்துக்கோ."

ஆகா, என்ன பெருந்தன்மை!

படத்தில் எங்கள் ஹால். சோபாவில் நான், பெரியவள், சின்னவள். எனக்கே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என் வாயைக் கோணலாக வரைந்திருந்தாள். சரியாகக் கை வரவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

"வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கப்பா."

குனிந்தார். "நிழலெல்லாம் பின்னாடி விழுது. அப்போ வெளிச்சம் முன்னாடியிருந்து. வாசக்கதவு திறந்திருக்கு."

பெரிய துப்பறியும் புலி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சின்னவ ஏன் புத்தகத்தைத் தலைகீழா வச்சிருக்கா?"

"ஏன்னு தோணுது?"

"அவசரத்துல எடுத்திருக்கா." விரல் என் முகத்துக்கு நகர்ந்தது. "உங்கம்மா வாய் ஏன் இப்படி? சிரிச்சிட்டிருந்தவ பாதியில நிறுத்திட்டா."

எனக்குத் திக்கென்றது. கோணல் இல்லை அது. நான்தான் அது.

அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "மூணு பேரும் வாசலைப் பார்த்துப் பயப்படுறீங்க. சரி, வந்த ஆள் எங்கே? படத்துலயே இல்லையே! மாட்டிக்கிட்டியா? இதுதான் பொய்!"

"நீங்க எங்க நின்னு பார்க்குறீங்கப்பா?" என்றாள் பெரியவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் திறந்த கதவு, அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே திறந்து கிடந்தது.

அப்போதும் விட்டுக்கொடுத்தால்தானே! "படத்துல டிவி அணைஞ்சிருக்கு. அப்புறம் உங்கம்மா எதைப் பார்த்துச் சிரிச்சா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. படத்தை விட்டுவிட்டு, சுவரோரம் இருந்த எங்கள் டிவியிடம் போய் அதன் முதுகில் கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். அவர் வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் சின்னவள் அணைத்தாள். தினமும் நடப்பதுதான்.

கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா?"

பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். வழக்கம்போல மழுப்பியிருக்கலாம், மழுப்பி மழுப்பித்தானே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டிவியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பெரியவளிடம், "பொய் இல்ல. போய்ச் சேரு" என்றார். அப்புறம் மெதுவாக, "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

இத்தனை நாள் அவள் கெஞ்சியதில் அதுகூட அந்த மனுஷர் காதில் ஏறியிருக்கவில்லை.