ஒரு காலுக்கு மட்டும் வெயில்

தள்ளுபடி என்று எங்காவது எழுதியிருந்தால் போதும், மில்லியின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து சொல்வதால் கடையில் வைத்த பட்டப்பெயர் மில்லி. அதுவே வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

கடையில் எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. கழுத்திலிருந்து முழங்கால் வரை முதலாளியின் ரசனை. பாதம் மட்டும்தான் அவரவர் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தையும் இத்தனை வருஷமாகக் கறுப்பு ஷூதான் ஆண்டுவந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவள் கடைப் பொறுப்பாளர். அன்றைக்கும் கறுப்பு ஷூவோடு போய் நிற்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷூ கடையில் தள்ளுபடி. கண்ணில் பட்டது ஒரு சிவப்பு ஜோடி. நன்றாகப் பழுத்த தக்காளிச் சிவப்பு. விலையோ பாதிக்கும் கீழே.

"ஏன் இவ்ளோ கம்மி?"

"கடைசி ஜோடி மேடம்" என்றார் விற்பனையாளர். "ஒரு கால் வாசல் கண்ணாடிக்குள்ள அழகுக்கு நின்னுச்சு. இன்னொண்ணு பெட்டிக்குள்ளயே தூங்குச்சு. மத்தபடி பழுதில்ல. ஆனா மாத்தித் தரமாட்டோம்."

குழல்விளக்கின் கீழே இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன. பஸ்ஸில் வழியெல்லாம் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை பால்கனி வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கால் தக்காளி. இடது கால் பழைய செங்கல்.

கணவர் பல்லைத் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இடது கால் வாசல்ல நின்னு நல்லா வெயிலக் குடிச்சிருக்கு. பரவாயில்ல, முதல் நாள் ஒரு கால மடக்கி உக்காந்துக்கோ."

"உங்களக் கேட்டனா? அத்தை காதுல மட்டும் போட்டுடாதீங்க."

அத்தை என்பது மாமியார். ஒரு கைக்குட்டை வாங்கினால்கூடக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பவர். "நம்மள மாதிரி ஆளுங்க ஏமாறணும்னுதான் கடைக்காரன் அத்தன விளக்கு போடுறான்" என்பது அவர் கட்சி. மில்லி வாங்கிய திரைச்சீலையை வைத்துப் போன வாரம்தான் ஒரு பாட்டம் கிண்டல் முடிந்திருந்தது. வாய்க்கு இன்னொரு அவலை அவளே கொண்டுபோய்க் கொடுப்பாளா?

வெயில் கெடுத்ததை வெயிலே சரிசெய்யட்டும் என்று முடிவெடுத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது வலது காலை மட்டும் பால்கனிச் சுவர்மேல் வைத்தாள். இடது கால் அலமாரியில். அவள் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். அதற்குள் அத்தை அதை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்திருப்பார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவளும் வாய் திறக்கவில்லை.

முதல் தேதிக்கு முந்தின நாள் விடுமுறை. ஆசை ஆசையாக இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். தக்காளி செங்கலாகியிருந்தது. செங்கல் ரோஜா நிறத்துக்குப் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அப்படியே இருந்தது.

துணி உலர்த்த வந்த அத்தை நின்றார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அலமாரிக்குள்ள இருந்தது எப்படி அத்தை வெளுக்கும்?"

"எங்க அலமாரிக்குள்ள இருந்துச்சு? காலைல அவசரத்துல நீ ஒண்ண மட்டும் வெச்சுட்டு ஓடுற. புது ஷூ கடிக்கும், வெயில்ல இளகட்டும்னு வெக்கிறியாக்கும்னு இன்னொண்ணையும் நான்தான் தினம் கொண்டாந்து பக்கத்துல வெச்சேன். தொட்டிச் செடி நிழல்கூட விழாத இடமாப் பாத்து!"

மில்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அடப்பாவமே! முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

"கடிக்க மாட்டீங்க. ஆறு மாசம் சொல்லிக்காட்டுவீங்க."

"அது சரி" என்று அத்தை உடனே ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு, ரெண்டும் பாக்க லட்சணமாத்தான் இருக்கு. போட்டுட்டுப் போ. உன் கால யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

முதல் தேதி காலை. கறுப்பு ஷூவில் காலை நுழைத்தாள், எடுத்தாள். சிவப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் நடையே வேறாகிவிட்டது. வாசலைத் தாண்டியாயிற்று, இனி திரும்புவதாவது!

அந்தத் தைரியம் கடைவாசல் வரைக்கும்தான். உள்ளே போனவள் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்ன மேடம்" என்றார் லென்ஸ் தீட்டும் அண்ணன், "பதவி குடுத்ததும் பசையும் போட்டு ஒட்டிட்டாங்களா?"

"உங்க வேலையப் பாருங்கண்ணே."

புதுக் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர் காதுப் பக்கம் இறுக்குகிறது என்றார். வேறு வழியில்லை. மேசையைச் சுற்றி வெளியே வந்து, கண்ணாடிக் காலை லேசாக வளைத்து மாட்டிவிட்டாள். அவர் சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், கடைசியில் வாசல் வெயில் விழுந்த தரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எனக்கு இது வேண்டாம்மா. நிறத்த மாத்திக் காட்டுது."

"எதோட நிறம் சார்?"

"உங்க ஷூவத்தான். ஒண்ணு செங்கலாட்டம் தெரியுது, ஒண்ணு ரோஜாவாட்டம். லென்ஸத் தீட்டினவர் தூங்கிக்கிட்டே தீட்டினாரா?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த சாணைச் சக்கரம் நின்றது. அண்ணன் தலையை நீட்டினார். காத்திருந்த எல்லாரும் மில்லியின் முகத்தைப் பார்த்தார்கள். நல்லவேளை, இன்னும் காலைப் பார்க்கவில்லை. வேறு லென்ஸ் போட்டுத் தருகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மானம் பிழைக்கும். பழி அண்ணன் தலையில் விழும். அதே லென்ஸை அவர் காலையில் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்ததை அவளே பார்த்திருந்தாள்.

மில்லி இரண்டு கால்களையும் சேர்த்து முன்னால் வைத்தாள்.

"அண்ணன் வேலைல குத்தமில்ல சார். கண்ணாடி சரியாத்தான் காட்டுது. ஷூதான் ரெண்டு நிறம். தள்ளுபடில வாங்கினேன்."

பெரியவர் பழைய கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். புதியதை மாட்டிக் குனிந்தார். "அட, பழசுல ரெண்டும் ஒண்ணாத்தான்மா தெரியுது!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "எம் பொண்ணும் இப்படித்தான், எங்கயாவது ஏமாந்துட்டு வந்து நிப்பா."

"ஏமாறல சார். பாதி விலைக்கும் கீழ!"

கடையே சிரித்தது. எல்லாரையும்விட அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தார். பொழுது உச்சிக்கு வருவதற்குள் அவர் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். "எழுத்து தெரியுதா? சரி, இப்போ எங்க மேடம் காலப் பாருங்க. ரெண்டும் ஒரே நிறமா?"

மில்லி நாற்காலியை மேசைக்கு வெளியே இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று சொன்ன ஒருவரை மட்டும் மறுபடி பரிசோதனை அறைக்குள் அனுப்பிவைத்தாள்.