தவில்காரன் படம்

அப்பா சினிமாவுக்கு வரச் சம்மதித்துவிட்டார் என்று அம்மை போனில் சொன்னபோது அபிதாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது. விபினைக் கட்டிக்கொண்ட ஏழு வருஷமாக அவரை மசிய வைக்க அவள் செய்யாத வித்தையில்லை. கல்யாணம், சாவு, கோயில் கொடை என்று ஒன்று விடாமல் புருஷனையும் கூட்டிக்கொண்டு எதிரே போய் நின்று பார்த்தாயிற்று. சுயம்புலிங்கம் மகளிடம் பேசுவார். மருமகன் பக்கம் தலை திரும்பாது. ஊர்க் கோயிலில் விபினின் தவில் முழங்க ஆரம்பித்தால் போதும், மனுஷன் தீபாராதனைக்குக்கூட நிற்காமல் வயலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். சாமிக்கே இல்லாத தீட்டு இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ.

இந்தப் படம் ஒரு தவில்காரனின் கதை. நாயகனாக நடித்தவனுக்குத் தவிலில் மண்ணாங்கட்டியும் தெரியாது. அதனால் கையை மட்டும் காட்டுகிற இடங்களுக்கு விபினைக் கூப்பிட்டார்கள். வட்டக்கோட்டைக் கடற்காற்றில், நாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு, விரல்களில் தவில் வாசிக்கிற கூடு போட்டு, ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு வந்தான். முகம் எங்கேயும் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வந்தாலென்ன, வராவிட்டாலென்ன என்று அவன் படுத்துத் தூங்கிவிட்டான். அபிதாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறவர் கையையாவது பார்க்கட்டுமே என்று நினைத்தாள்.

அம்மை அழகம்மையிடம் மட்டும் அபிதா விஷயத்தைச் சொன்னாள். கோயில் படமாக்கும், வெட்டுக்குத்து ஒன்றுமில்லை என்று அம்மை அப்பாவைக் கிளப்பிவிட்டாள். கைக்காரன் யாரென்று மட்டும் மூச்சு விடவில்லை.

நாகர்கோவிலில் மத்தியானக் காட்சி. அப்பாவும் அம்மையும் அபிதாவும் ஒரு வரிசை. வம்பெதற்கு என்று விபின் தானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டான்.

திரையில் அந்தத் தவில்காரன் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியை விரும்பினான். பெண்ணின் அப்பன் அவனை வாசலோடு நிறுத்தித் துரத்தினான். நேரே கோயிலுக்குப் போனவன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தான் பாருங்கள், திரை நிறைய விபினின் விரல்கள். நடுவிரல் லேசாக வளைந்திருக்கும், அபிதா அறியாத விரலா அது! பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். கூடப்பிறந்த தம்பி செத்தபோதுகூடக் கண் கலங்காத மனுஷன். கல் கரைந்துவிட்டது என்றே நினைத்தாள், பேதை.

படம் விட்டதும் டீக்கடை ஓரமாக நின்றார்கள். அப்பாவின் கண் இன்னும் சிவந்திருந்தது.

"கொள்ளாம் மக்கா, நல்ல படம்," என்றார். "அந்தப் பயலுக்க கையில சரஸ்வதியில்லா இருக்கா. அவனுக்குப் பொண்ணக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிரும்? அவளுக்க அப்பனெல்லாம் ஒரு மனுசனா?"

அம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்காது என்று அபிதாவுக்குத் தோன்றியது. படியிறங்கி வந்த விபினைப் பிடித்து இழுத்து அப்பாவின் முன்னால் நிறுத்தினாள்.

"அந்தக் கை இவருக்க கையாக்கும்ப்பா. நீங்க அழுதது இவருக்காக்கும்."

சுயம்புலிங்கம் கையைப் பார்த்தார். வளைந்த விரலையும் பார்த்தார். அடையாளம் தெரியாமல் இல்லை, தெரிந்தது முகத்திலேயே தெரிந்தது. உதடு ஒரு தரம் அசைந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது சினிமா மக்கா," என்றார், மகளை மட்டும் பார்த்து. "நாம ஊருக்குள்ள இருக்கணும்லா."

அழகம்மையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அம்மை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விபினுக்குக் கோபம் வரவில்லை. அவன் ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அழுதாருல்லா அபி," என்றான். "எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது."

தெருமுனையில் அப்பா நின்றுவிட்டார். வயசானவர்கள், எப்போது நாகர்கோவிலுக்கு வந்தாலும் மகள்தான் கூட வந்து, இடம்பிடித்து, பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அவளுக்காகத்தான் நின்றார். அபிதா அதைப் பார்த்தாள். பெற்றவர் என்று ஏழு வருஷமும் அவர் பின்னாலேயே நடந்தாயிற்று, கால் ஓய்ந்துபோயிற்று. விபினோடு எதிர்ப்பக்கம் நடந்தாள். அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று அவளுக்குத் தெரியாது.