மஞ்சள் பூசிக்கொண்ட ஜூனிப்பர்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த வீட்டுக் கல்யாணப் படத்தை வேண்டுமானாலும் பாருங்கள், பாதிக்குப் பாதி கலைமதியின் மரம் அதில் இருக்கும். மாப்பிள்ளைக்கு இடது பக்கம், இடுப்பு உயரப் பலகை மேடைமேல், தட்டு மாதிரித் தொட்டியில், காற்றுக்குச் சாய்ந்தாற்போல ஒரு முழ உயரத்துக்கு நிற்குமே, அதுதான். பெயர் ஜூனிப்பர். குளிர்நாட்டு ஊசியிலை மரம். கிளை கிள்ளி, கம்பி சுற்றி, குட்டையாகவே வளர்க்கிற போன்சாய். வந்து போகிறவர்களுக்கு அந்தப் பெயரெல்லாம் வாயில் நுழையாது.

"சவுக்கு ஏம்மா இப்பிடிக் குட்டையா நின்னுட்ச்சு?" என்பார்கள்.

"ஒழுங்கா சோறு துன்னலீங்க" என்பாள் கலைமதி.

ஜெகதீசனின் கல்யாண மண்டபத்துக்கு அவள்தான் மேனேஜர். வேலையில் சேர்ந்த வருஷம் பெங்களூரிலிருந்து விரல் உயரக் கன்றாக வாங்கி வந்து, ஒன்பது வருஷமாக வளர்க்கிறாள். அவளுடைய வாடகை வீட்டில் ஈரத்துணி காயக்கூட வெயில் விழாது. அதனால் மரம் மண்டபத்து வாசலிலேயே வளர்ந்தது. அந்த மண்டபத்தில் நாற்காலியிலிருந்து கரண்டிவரை எல்லாம் ஜெகதீசனுடையது. மரம் மட்டும் அவளுடையது.

அது மஞ்சளாவது இந்த வைகாசியில் அவள் கண்ணில் பட்டது.

கலைமதி சும்மா இருப்பவளா? தண்ணீர் அதிகமோ என்று தொட்டியில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்த பிறகே ஊற்றினாள். வெயில் போதவில்லையோ என்று மேடையை இரண்டடி வெளியே தள்ளினாள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பூச்சியோ என்று, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டினாள். பூச்சி இருந்தால் தாளில் புள்ளிகள் ஊரும். ஒன்றும் ஊரவில்லை. நெடுஞ்சாலைத் தூசிதான் விழுந்தது.

ஆனி மாதம் கெடாரிலிருந்து சின்னதுரையும் அவர் மனைவி அம்சாவும் மகள் சங்கவியின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தார்கள். ஆவணி முகூர்த்தம். சாப்பாட்டுக் கூடம் பிடித்திருந்தது, மணமகள் அறை பிடித்திருந்தது. திரும்பி வாசலுக்கு வந்த அம்சா மரத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது? பொண்ணு கால வெச்சு உள்ள வர்ற வாசல்ல நோவு புடிச்ச மரத்த நிக்க வெச்சிருக்கீங்க?"

ஜெகதீசன் முந்திக்கொண்டார். "அத்த எடுத்துடறோம்மா. கலைமதிம்மா, ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள இது பச்சையாவணும். இல்லாங்காட்டி உன் ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடு."

வெயில் படாத அந்த வீட்டுக்குப் போனால் மரம் இரண்டு மாதம் தாங்காது. "சரிங்க சார்" என்றாள் கலைமதி.

சின்னதுரை மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கிளையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. நுனிதான் மஞ்சளு. உள்ள பழசெல்லாம் பச்சையாத்தான் கீது. தண்ணி ஜாஸ்தியாயிருந்தா உள்ள இருந்துல்ல பழுக்கும்? எங்க ஊர்க் கடலைக் கொல்லையில மல்லாட்டைக்கு இதே மாதிரி வரும். சுண்ணாம்பு ஏறுன நெலத்துல. மண்ணுல இரும்பு இருக்கும், வேருக்கு அத்த எடுக்க முடியாது. கொழுந்து வெளுத்துடும்."

"தொட்டியில சுண்ணாம்பு எப்பிடிங்க வரும்? நான் போட்டது செங்கல் சல்லி, மணலு, எரு. அவ்ளோதான்."

"எப்பிடி வருதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா வருது."

"பொண்ணுக்கு மண்டபம் பாக்க வந்தியா, மரத்துக்கு வைத்தியம் பாக்க வந்தியா?" என்றாள் அம்சா.

"ரெண்டும் ஒரே வாசல்லதானடி இருக்குது."

அவர்கள் போன பிறகு கலைமதி சுண்ணாம்பைத் தேடிப் புறப்பட்டாள். சுவருக்கு அடித்தது பிளாஸ்டிக் பெயின்ட். தண்ணீரோ ஒன்பது வருஷமாக அதே போர் தண்ணீர். இத்தனை நாள் செய்யாத கெடுதலை அது இப்போதா செய்யப்போகிறது? ஏதோ ஒன்று புதிதாக வந்திருக்கிறது. எப்போது வந்தது? தினம் பார்க்கிற பிள்ளை இளைப்பது தாய்க்குச் சட்டென்று தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. தேதி போட்டுப் படம் பிடித்து வைத்திருக்கிறவன் ஒருத்தன் உண்டு. இருதயராஜ்.

மண்டபத்துக் கல்யாணங்களை எல்லாம் படம் எடுப்பவன் அவன். விழுப்புரத்தில் ஸ்டூடியோ. மறுநாளே பஸ் ஏறிப் போய் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"யார் கல்யாணம்க்கா பாக்கணும்?"

"எவனுதும் வேணாம். என் மரத்தக் காட்டு."

"நல்லா இருக்குது போ. லட்ச ரூபா கேமராவுல நான் மரத்துக்கா போட்டோ புடிச்சிக்கினு இருந்தேன்?" என்று சலித்துக்கொண்டே வருஷவாரியாகத் திறந்தான்.

போன வருஷம் முழுக்கப் பச்சை. இந்தத் தை முதல் முகூர்த்தத்திலும் பச்சை. மாசியில் நுனி வெளிறல். வைகாசியில் நல்ல மஞ்சள். தையில் என்ன மாறியது? கலைமதி படத்தை உற்றுப் பார்த்தாள். பழைய சிமென்ட் படி போய், பளபளவென்று வெள்ளை கிரானைட் வந்திருந்தது.

"டேய், கல்லு வந்தப்பறம்தான்டா!"

"கல்லு எழுந்து நடந்துபோயி தொட்டியில குதிச்சிச்சா?"

அப்போதுதான் படத்தின் ஓரத்தில் அவள் ஒன்றைக் கண்டாள். பாதி கை. நாலு வளையல். ஒரு தாம்பாளத்தின் விளிம்பு.

"இது யார் கை?"

"எவளாவது அத்தை கையி. எல்லாக் கல்யாணத்துலயும் ஒரு அத்தை குறுக்க வந்து குனிஞ்சிக்கினு இருக்கும். பேஜாரு. ஆல்பத்துக்குப் போடறப்ப வெட்டிடுவேன்."

"வெட்டாத படத்தப் போடு. ஜல்தி."

போட்டான். மணமக்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர்களுக்குப் பின்னால் பச்சைப் பட்டு அத்தை குனிந்திருந்தாள். அடுத்த கல்யாணத்தில் கண்ணாடி போட்ட அத்தை. அதற்கடுத்து, ஒரு கையில் பேரப்பிள்ளையும் மறு கையில் தாம்பாளமுமாக ஒரு குண்டு அத்தை. எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுற்றிய ஆரத்தித் தண்ணீரை, சிந்தாமல் சிதறாமல், அவ்வளவு அக்கறையாக மரத்தின் காலடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆரத்திக்கு மஞ்சளைக் கரைத்து, அது சிவக்க என்ன சேர்ப்போம்? சுண்ணாம்புதானே!

கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்டா இருதயம், முன்னெல்லாம் படியிலதான ஊத்துவாங்க?"

"நீதானக்கா போர்டு மாட்டுன?"

ஆமாம். கிரானைட் போட்ட புதிதில் சிவப்புக் கறை பட்டு ஜெகதீசன் குதித்தார். 'ஆரத்தித் தண்ணீரைப் படியில் ஊற்றக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியது அவள்தான். படியில் கூடாதென்றால் அந்தத் தண்ணீரை மண்ணிலாவது சேர்க்க வேண்டும் என்று நினைத்த பெண்கள் சுற்றிலும் பார்த்திருப்பார்கள். கார் நிறுத்துகிற இடமெல்லாம் சிமென்ட். அந்த வாசலிலேயே மண் என்று இருந்தது ஒரே ஒரு தொட்டியில்தான். சிவப்புச் செங்கல் சல்லியில் சிவப்புத் தண்ணீர் விழுந்தால் தடம் ஏது?

சாயங்காலம் திரும்பி வந்ததும் தொட்டி மண்ணைத் தம்ளரில் கரைத்து வடிகட்டினாள். பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் மெல்லச் சிவந்தது. வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

"மரம் மஞ்சளானதுக்கு நான்தான் சார் காரணம். போர்டு வெச்சேன், ஊத்தறதுக்கு எடம் வெக்கல. ஓரமா ஒரே ஒரு கல்லப் பேத்துக் குடுங்க, மண்ணு தெரியட்டும்."

"என் கிரானைட்டப் பேக்கறதா!"

"தொட்டிய எடுத்துட்டா அவங்க தண்ணிய வாயிலயா ஊத்திக்குவாங்க? அடுத்து மண்ணு ஒட்டிக்கினு இருக்கறது உங்க கார் டயர்லதான் சார்."

ஜெகதீசன் சன்னல் வழியாக வெள்ளைக் காரை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துவிட்டார். "ஒரே கல்லு. ஆனா ஆவணிக் கெடுவு மாறாது. அந்தம்மா வேணாம்னா மரம் போயிடணும்."

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லை, ஆரத்தி இல்லை. கலைமதி வேரைக் கலைக்காமல் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துப் புதுக் கலவை போட்டாள். மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை விட்டு, அடியில் ஒழுக ஒழுகத் தொட்டியைக் கழுவினாள். விழுப்புரம் உரக்கடையில் மல்லாட்டைக்குத் தெளிக்கிற அன்னபேதி, அந்த இரும்பு உப்பு, கேட்டாள்.

"எத்தினி ஏக்கருக்கும்மா?"

"ஒரு மொழத்துக்கு."

கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு சிட்டிகையைப் பொட்டலம் கட்டிச் சும்மாவே கொடுத்தார். கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தாள். பத்து நாள் ஒன்றுமில்லை. பதினைந்து நாள் ஒன்றுமில்லை. மரத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகப் பழகினாள். இருபதாம் நாள் பழக்கம் தவறித் திரும்பினாள். சாய்ந்த கிளையின் நுனியில், எறும்புத் தலை அளவுக்குப் பச்சை. மறுநாள் பக்கத்துக் கிளையில். பிறகு அங்கங்கே, அங்கங்கே.

ஆவணி முகூர்த்தத்தன்று கெடாரே வேனில் வந்து இறங்கியது. மேளம் முழங்கியது. அம்சா முதல் ஆளாக மரத்திடம் வந்தாள். கலைமதி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். ஜெகதீசனும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சா கிளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பழைய மரம்தானா? வேற வாங்கியாந்து வெச்சிட்டியா?"

"அதேதாங்க. உங்க ஊட்டுக்காரர் சொன்ன வைத்தியம்."

"அந்தாளுக்கு இதெல்லாம் நல்லா வரும். பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னாதான் ஒண்ணும் தெரியாது" என்றாள் அம்சா. முகமெல்லாம் பூரிப்பு. "இருக்கட்டும். இங்கியே இருக்கட்டும்."

சங்கவியும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். சின்னதுரையின் அக்கா ஆரத்தி சுற்றினாள். சுற்றி முடித்ததும் இப்படி அப்படிப் பார்த்தாள். கண் தொட்டியில் நின்றது. தாம்பாளம் சாய்ந்தது.

"ஐயோ, ஊத்தாதீங்க!" என்று கலைமதி கத்தினாள். கேமராவை விட்டுவிட்டு இருதயராஜ் கத்தினான். எல்லாரையும்விடச் சத்தமாக ஜெகதீசன் கத்தினார். "அங்க, அங்க! கல்லப் பேத்து வெச்சிருக்கேன் பாருங்க!"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அம்சா நாத்தனார் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினாள். "இத்தினி பேர் கண்ணும் இது மேலதான் இருக்குது, பாவம்" என்று சொல்லி, மரத்துக்கும் மூன்று சுற்றுச் சுற்றினாள். இருதயராஜ் பாய்ந்து கேமராவை எடுத்துப் படம் பிடித்தான். பிறகு நிதானமாக நடந்துபோய், வெள்ளைக் கல்லுக்கு நடுவே திறந்திருந்த மண்ணில் ஊற்றினாள்.

கெடாரில் அந்தப் படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. பொண்ணு, மாப்பிள்ளை, பச்சை மரம், தாம்பாளத்தோடு அம்சா, பின்னால் வாயைப் பிளந்தபடி ஜெகதீசன். இருதயராஜ் அதில் யாரையும் வெட்டவில்லை.