மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய்கூட இல்லை. "ஆமாக்கா" என்ற ஒற்றைச் சொல். சொல்லி ஆறு நாளாகிறது. வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாமல் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'ஓர் ஊரில் ஓர் எழுத்தாளன் இருந்தான். அவன் பக்கத்து வீட்டில் புல்வெட்டும் ஒரு பெண்—'

அடித்துவிட்டேன். எழுத்தாளன் இல்லை, நான். பக்கத்து வீடும் இல்லை, என் கூடப்பிறந்த அக்கா. வெட்கம் வந்தால் மீசை ஒட்டிக்கொண்டு கதைக்குள் நுழைகிற பெண் நான் என்று இன்றுதான் தெரிந்தது.

2

அக்காவுக்குப் புல் வெட்டுவதுதான் தொழில். பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வளாகம், பெரிய வீடுகளின் தோட்டம். பெட்ரோலில் ஓடும் மெஷினைத் தள்ளிக்கொண்டே நடப்பாள். நான் வீட்டுக் கருவிகளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறேன். அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் 'பண்டிதை'.

வெயில் காலம் தொடங்கிய ஒரு காலையில் கேட்டாள்:

"ஏய் பண்டிதை, மெஷினுக்கு ஊத்துற ஆயில்ல ஒரு டப்பாவுல வெறும் 30-ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 5W-30-ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் மட்டும் எனக்கு வராது. என் காருக்கு ஊற்றியதில் மிச்சமிருந்த 5W-30 டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"இது ஒசத்தி. காருக்கே இதான் ஊத்துறேன். தைரியமா ஊத்து."

"ஆயில் எவ்வளவு இருக்குன்னு குச்சிய எப்பப்ப பாக்கணும்? இத்தனை நாளா தினம் பாத்துட்டுதான் கிளப்புவேன்."

"அதெல்லாம் பழைய பழக்கம்க்கா. மாசம் ஒருமுறை பார்த்தா போதும்."

அக்கா தலையாட்டினாள். தங்கச்சி படித்தவள், சொன்னால் சரியாக இருக்கும் என்கிற தலையாட்டல்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். நான் தாண்டிப் போனதால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.)

5W-30 என்பதில் W குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் இன்ஜினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் ஓட்டம் எளிது. பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடானபின் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. வெறும் 30 என்றால் குளிருக்கென்று தனி ஏற்பாடு இல்லாத எண்ணெய். காற்றில் மட்டுமே சூடு தணிகிற சிறிய இன்ஜின்கள் பலவற்றுக்கு வெயில் காலத்தில் அதைத்தான் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். 5W-30 ஊற்றினால் ஓடாமல் போகாது. ஆனால் கடும் வெயிலில் சீக்கிரம் குறையலாம். காரில் எண்ணெய் லிட்டர் கணக்கில் இருக்கும். அக்காவின் மெஷினில் இருப்பதோ அரை லிட்டர் சொச்சம். எதை ஊற்றினாலும் ஒவ்வொரு முறையும் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க வேண்டும்.

இவ்வளவுதான். மெஷினோடு வந்த தாளில் ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. நான் அதைப் பிரித்துப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.*

* பிறத்தியாருக்குக் கையேடு எழுதிக் கொடுக்கிறவள் கையேட்டைப் படிக்கவில்லை. காறித் துப்ப விரும்புகிறவர்கள் இங்கே துப்பிக்கொள்ளலாம்.

4

மூன்றாவது வாரம் பள்ளி மைதானத்தின் நடுவில் மெஷின் நின்றது. அக்கா போனில் கூப்பிட்டு நானும் போனேன். மெக்கானிக் குச்சியை உருவிப் பார்த்தார். நுனியில்கூட ஈரமில்லை.

"இன்ஜின் உள்ளயே இறுகிப் பிடிச்சிடுச்சும்மா, இனி சுத்தாது. சொட்டு ஆயில் இல்ல. தினம் பாக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?"

அக்கா குச்சியை வாங்கித் தானும் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தினம் பாருன்னுதானடி சொன்ன? மாசத்துக்கு ஒருதடவைன்னு எனக்கு எப்படி மனசுல பதிஞ்சுது? நான்தான் மாத்தி நினைச்சுக்கிட்டேனா?"

"ஆமாக்கா," என்றேன்.

5

இந்தப் பாத்திரத்தை, அதாவது என்னை, என்னால் நம்ப முடியவில்லை. ஒருத்தி ஒரு மெஷினுக்காகக் கூடப்பிறந்தவளிடம் இப்படிச் சொல்வாளா? அவள் நல்லவள்தான், பயத்தில் வாய் தவறி— இல்லை. வாய் தவறவில்லை. மெக்கானிக் காதில் விழுந்துவிடக்கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தவறி விழும் சொல்லை யாராவது தாழ்த்திச் சொல்வார்களா?

மெஷின் போனால் போகட்டும். எங்கள் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மறதி தொடங்கியது. ஒரே காலையில் இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் யார் என்று கேட்டாள். அக்காவுக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது: "அம்மாவுக்கும் இப்படித்தானடி ஆரம்பிச்சுது?"

மறுநாளிலிருந்து கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறாள். கேஸ். கதவு. சாவி. அத்தான் புது மெஷின் பார்க்கலாம் என்றதற்கு, "வேணாங்க, நான் இனிமே மெஷின் கிட்டயே போகல. யார் காலையாவது வெட்டிவெச்சா?" என்றாள். டாக்டரிடம் அவளாகவே நேரம் வாங்கிவிட்டாள். இன்றைக்கு.

சொன்னதைச் சொன்னபடி நினைவில் வைத்திருந்தவள் அவள். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஞாபகத்துக்கு ஒன்றும் பழுதில்லை என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அக்கா சிரிக்கிறாள். நான் சொல்லவே தேவையில்லாமல்— (எவ்வளவு சௌகரியம் பாருங்கள். கிழித்தாயிற்று.)

இரண்டு: அக்கா தற்செயலாக இந்தத் தாளை எடுத்துப் படிக்கிறாள். (என் வேலையை அவள் தலையிலேயே கட்டுகிறேன். இதுவும் கிழிந்தது.)

மூன்று: தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். அழகாக வந்திருந்தது. இரண்டு முறை படித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்ததும் மனசு லேசானது. அங்கேதான் பயந்துபோனேன். எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். மூன்றாவதைத்தான் முதலில் கிழித்திருக்க வேண்டும்.

7

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. இதுவரை படித்த உங்களுக்கு அவள் எதையும் மறக்கவில்லை என்று தெரியும். முன்பின் தெரியாத உங்களுக்குத் தெரிந்தது, அவள் ஒருத்திக்குத் தெரியாது. எனக்கு மானமே போகிறது.

அக்கா கிளம்பி வாசலில் நிற்கிறாள். செருப்பு மாட்டியாயிற்று. கையில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்க்கிறாள். பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டுகிறாள்.

"ஏய் பண்டிதை, எழுதுனது போதும், வா. நான் எதையாவது மறந்துட்டேனா, பாத்துச் சொல்லு."